ஒன்பதாம் நம்பர் வண்டி

ஏலத்துக்கு வந்தவர்கள் ஜீப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டயரை உதைத்தார்கள். பானெட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தார்கள். வரிசையின் கோடியில் நின்ற ஒன்பதாம் நம்பர் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை. அதன் அடித்தகடு துருவில் இற்றுப்போயிருந்தது. ஓட்டை வழியே புல் வளர்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டது. பின்னிருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அம்மா நேரே அந்த வண்டியிடம் போனாள். கைக்குட்டையை எடுத்து, கதவில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த ஒன்பதைத் துடைத்தாள்.

“இதுதான்,” என்றாள்.

உடன் மகளும் போயிருந்தாள். அவள் பொறியாளர். ஆலைகளில் ஓடும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, எந்த பேரிங் இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்வது அவள் தொழில். இந்த வண்டியை அளக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் நின்ற நாலாம் நம்பர் எவ்வளவோ மேல் என்று சொல்லிப் பார்த்தாள்.

“வெளியே பார்க்காதே பாப்பா,” என்றாள் அம்மா. நாற்பது வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான். “கியர்பாக்ஸ் முழுசா புதுசு. முன் ஆக்ஸில் புதுசு. கிளட்ச் பிளேட், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் நான் குடுத்தது. என் கையால எழுதிக் குடுத்தது.”

ஏலம் விட்டவர் சிரித்துக்கொண்டே, கோழியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கோழி இருப்புப் பதிவேட்டில் இல்லை, இறக்கிவிடுங்கள் என்று அம்மா சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மலைச்சாலையைப் பராமரிக்கும் பிரிவின் வண்டிப் பட்டறை அது, இப்போது மூடியாயிற்று. அம்மா அங்கே முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பர். கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல், அதற்குள் ஒரு மேசை, பின்னால் பதினெட்டு ரேக். இடுப்பில் சாவிக்கொத்து. வண்டிக்கு ஏதாவது பாகம் வேண்டுமென்றால் ஓட்டுநரோ ஃபிட்டரோ வண்டி நம்பர் எழுதிய சீட்டோடு ஜன்னலுக்கு வர வேண்டும். வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “பழசு எங்கே?” கழற்றிய பழைய பாகத்தை மேசைமேல் வைத்தால்தான் புதியதைத் தொடவே விடுவாள். முப்பத்தொரு வருடத்தில் இந்த விதியை ஒரு தடவைகூடத் தளர்த்தியதில்லை. ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘பழசெங்கே அம்மா’.

இன்னொரு வேலையும் செய்வாள். புதிய பாகம் ஜன்னலைத் தாண்டுமுன் அதில் ஒரு வண்ணப்புள்ளி வைப்பாள். வருடத்துக்கு ஒரு வண்ணம். அவள் கொடுத்த சாமான் கடைக்குப் போய்விடக் கூடாது, பழசு என்று பொய் சொல்லித் திரும்பியும் வரக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் புள்ளி.

வீட்டிலும் இதே சட்டம்தான். மகள் சின்ன வயதில் புதுப் பென்சில் கேட்டால் பழைய பென்சிலின் அடிக்கட்டையைக் காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரான அப்பா, புதுப் பல்துலக்கி வேண்டுமென்றால் மயிர் உதிர்ந்த பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி முன் நிற்க வேண்டும். அப்பா முணுமுணுப்பார், ஆனால் நிற்பார். அந்த வீட்டில் எது பொய்யாக இருந்தாலும் இருக்கும், அம்மாவின் பதிவேடு பொய்யாக இருக்காது. அதனால்தான் மகளும் அன்றைக்கு ஒன்பதாம் நம்பரின் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். அப்பா சட்டை உலர்த்தும் கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்ட வேண்டியதாயிற்று.

“ஓட்டத் தெரியாதவளுக்கு ஓடாத வண்டி,” என்றார் அப்பா. “நூத்துக்கு நூறு பொருத்தம்.”

“நீங்க நாப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தீங்களே, எத்தனை பேருக்கு ஏறுச்சு?” என்றாள் அம்மா. “நான் கேட்டேனா?”

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. மலைச்சாலையின் உச்சியில் பிரிவின் மேல் முகாம் இருந்தது. மண் சரிந்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் அங்கேதான் ஓடும். பன்னிரண்டாவது வளைவில் மேகம் வண்டிக்குள் புகுந்து அந்தப் பக்கமாகப் போவதைப் பற்றி, முகாம் வாசலில் யானை முதுகு மாதிரி கிடக்கும் பாறையைப் பற்றி, அங்கே நின்று டீ குடித்தால் கீழே பட்டறை தீப்பெட்டி அளவு தெரிவதைப் பற்றி ஓட்டுநர்கள் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சொல்வார்கள். அம்மா சீட்டு எழுதியபடியே கேட்டுக்கொள்வாள். அவள் போனதில்லை. ஸ்டோரை விட்டுவிட்டுப் போக முடியாது. சாவியை யாரிடமும் கொடுக்கவும் மாட்டாள்.

“மேலே போய் அந்தப் பாறையில உட்கார்ந்து ஒரு டீ குடிக்கணும். இந்த வண்டியில போகணும். இதுல இருக்கிற ஒவ்வொரு நட்டும் என் ஜன்னல் வழியா வந்தது.”

வண்டி வந்து இரண்டு மாதத்தில் அவளுக்கு இருந்த வறட்டு இருமலுக்குப் பெயர் தெரிந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வருகிறது, விரிய மறுக்கிறது என்றார் மருத்துவர். ரேக்குகளின் தூசியாக இருக்கலாம், துருவாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் வரலாம். மாற்று நுரையீரல் பற்றி மகள் கேட்டாள். அம்மாவின் வயதைச் சொல்லி மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டபோது மட்டும் தெளிவாகப் பதில் சொன்னார். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில், உட்கார்ந்திருக்கும்போது தொண்ணூறுக்கு மேல் காட்டுகிற வரைக்கும் கையில் ஆக்சிஜனோடு கூட்டிப்போகலாம். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மலையை மறந்துவிட வேண்டும்.

அன்றைக்குத் தொண்ணூற்று நான்கு.

மகள் நீண்ட விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். முன்னறையில் ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் இயந்திரத்தை வைத்தாள். அதிலிருந்து பதினைந்து மீட்டர் குழாய் ஜன்னல் வழியாக வாசலுக்குப் போயிற்று. குழாயின் முனையில் அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியில், ஜீப்பைப் பார்த்தபடி.

வேலைக்கு வந்தவர் பட்டறையின் பழைய ஃபிட்டர், ஏலத்தன்றும் ஓரமாக வந்து நின்றவர். ஆள் குட்டை. ஜாக்கி வைத்துத் தூக்காமலே வண்டிக்கு அடியில் போய்விடுவார் என்பதால் குட்டை ஃபிட்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவரும் அப்படியே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். அம்மாவை அக்கா என்பார். கூலிப் பேச்சை எடுத்ததும் காது கேட்காதவர் மாதிரி ஸ்பேனரைத் தேடினார்.

முதலில் புல்லைப் பிடுங்கினார்கள். இற்ற தகட்டை வெட்டிப் புதிது பற்றவைத்தார்கள். பிரேக் குழாய்களை மாற்றினார்கள். எஞ்சினை இறக்கிக் கழுவி, பிஸ்டன் வளையம் போட்டு ஏற்றினார்கள். மகள் அளப்பாள், எழுதிக்கொள்வாள். ஃபிட்டர் காதை வைத்துக் கேட்பார், எழுதிக்கொள்ள மாட்டார். இருவரும் ஒரே முடிவுக்கு வருவார்கள். ஏதாவது பாகத்தின் பெயரைச் சொன்னால் நாற்காலியிலிருந்து குரல் வரும்: “ஆறாம் ரேக், மூணாவது தட்டு, இடது கோடி.” அந்த ரேக்கைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டு ஒரு வருடமாகியிருந்தது. இருந்தாலும் ஃபிட்டர், “எடுத்துக்கிறேன்க்கா,” என்பார்.

நாற்பது நாளில் எஞ்சின் ஓடியது. முதல் தடவை புகை கக்கி, தும்மி, நின்று, மறுபடி பிடித்தது. அப்பா ஈரச் சட்டைகளைக் கொடியோடு அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மா கையைத் தட்டப்போய், மூச்சு போதாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் மட்டும் தட்டியது.

அன்றைக்குத் தொண்ணூற்று இரண்டு.

கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் ஃபிட்டர் போகவே இல்லை. எண்ணெயாவது மாற்றலாம் என்று மகள் சொல்லும்போதெல்லாம் வேறு வேலை ஒன்று முளைக்கும். விளக்குக் கம்பி, கதவுக் கீல், ஹாரன். “அது புதுசு பாப்பா, அக்கா குடுத்தது. அதைப் போய் ஏன் நோண்டணும்?” சொல்லும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். இயந்திரத்தில் எங்கே சத்தம் வரவில்லையோ அங்கேதான் மகள் முதலில் கை வைப்பாள். மனிதர்கள் விஷயத்தில் அந்தப் பழக்கம் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஃபிட்டர் வராத ஒரு காலையில் அவள் வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸின் அடிமூடியைத் திருகினாள். எண்ணெய் கறுப்பாக இறங்கியது. வெயிலில் அது மின்னியது. எண்ணெய் மின்னக் கூடாது. மின்னினால் அதில் இரும்புத் தூள் கலந்திருக்கிறது. கடைசியாக, அரிசி அளவில் ஒரு பல்லின் துண்டு தட்டில் விழுந்து ‘டிங்’ என்றது.

“பாப்பா,” மேலேயிருந்து அம்மாவின் குரல். “எண்ணெய் ஊத்துற மூடிக்கு ஒரு விரல்கடை மேல பாரு. பச்சைப் புள்ளி இருக்கும். அந்த வருஷம் பச்சை.”

மகள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். அழுக்கு போய் இரும்பு தெரிந்தது. இன்னும் துடைத்தாள். விரல்கடை மேலே, கீழே, அந்தப் பக்கம், இந்தப் பக்கம். வார்ப்பிரும்பின் சொரசொரப்பு தவிர ஒன்றுமில்லை. மேல் மூடியில் ஓரிடத்தில் பழைய சிவப்புப் புள்ளி ஒன்று, பாதி உரிந்து. சிவப்பு எந்த வருடம் என்று அவளுக்குத் தெரியும். அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம். கியர்பாக்ஸுக்கு வயது இருபத்திரண்டு.

“இருக்கா?”

“இருக்கும்மா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

“படம் எடுத்துக் காட்டு.”

போன் உள்ளே இருக்கிறது என்று எழுந்து போனாள். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளிக்கதவுக்கு அடித்த பச்சைச் சாயம் கொஞ்சம் டப்பாவின் அடியில் மிச்சமிருந்தது. சின்ன பிரஷை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்கப் போகும் பிள்ளை மாதிரி வண்டிக்கு அடியில் போனாள். புள்ளி வைத்தாள். அதன்மேல் ஊதினாள். கொஞ்சம் அழுக்குத் தேய்த்தாள். படம் எடுத்தாள். அளவுக் கருவியில் வந்த எண்ணை ஒரு முறைகூட மாற்றி எழுதியதில்லை அவள். இரண்டு கோடி பெறுமான இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி எழுதி, முதலாளியிடம் திட்டு வாங்கியவள்.

அம்மா படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். வெகு நேரம் பார்த்தாள்.

“சரி,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாலையில் ஃபிட்டர் வந்தபோது மகள் அவரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய், உள்ளங்கையைத் திறந்து பல்லின் துண்டைக் காட்டினாள். அவர் மறுக்கவில்லை. இந்த நாளுக்காகக் காத்திருந்தவர் மாதிரி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இது. ஒரு வண்டிக்கு ஒரு வருடத்துக்கு இவ்வளவு பாகம்தான் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. மேல் முகாமுக்கு ஏறும் நாலும் ஏழும் பாதி வருடத்திலேயே அதைத் தாண்டிவிடும். அதற்குமேல் அந்த நம்பரில் சீட்டு எழுதினால் அக்கா தரமாட்டாள். மலையில் ஆட்கள் நிற்பார்கள், வண்டி ஏறாது. ஒன்பதாம் நம்பர் எஞ்சின் படுத்து மரத்தடியில் ஓரங்கட்டிய வண்டி. கணக்கில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வரம்பு அப்படியே மிச்சம் இருந்தது. எனவே சீட்டில் ஒன்பது என்று எழுதுவார்கள். நாலிலிருந்து கழற்றிய பழசைக் கொண்டுபோய் மேசைமேல் வைப்பார்கள். அக்கா பழசைப் பார்ப்பாள், எண்ணுவாள், புதுசைக் கொடுப்பாள். பழசு எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பழசு சொல்லாதே.

யாரும் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னார். மகள் அதைச் சந்தேகப்படவில்லை. ஏலத்தன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மட்டும் கேட்டாள்.

“திறக்கத்தான் வந்தேன் பாப்பா. அக்கா கைக்குட்டையால அந்த ஒன்பதைத் துடைச்சாங்க பாரு. அப்புறம் எப்படித் திறக்கறது?”

நாலாம் நம்பரை ஏலத்தில் எடுத்தவர் அதை மறுவாரமே உடைத்து இரும்புக்குப் போட்டிருந்தார். அம்மா கொடுத்த கியர்பாக்ஸ் உலகத்தில் இல்லை. ஒன்பதுக்குள் இருந்த கிழட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். முதல் கியர் இருந்தது. ரிவர்ஸ் இருந்தது. இரண்டாவதில் ஐந்து பல் போயிருந்தது. மலை ஏற இரண்டாவதுதான் வேண்டும். ஒரே ஒரு பல்சக்கரம். இந்த மாடலுக்கு எங்கும் இருப்பில்லை. வெளியூரில் ஒருவர் பழைய வரைபடம் வைத்துச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். ஆறு வாரம் ஆகும் என்றார். மூன்று வாரத்தில் முடியாதா என்று மகள் கேட்டாள். இரும்பை வெட்டலாம், சூடேற்றலாம், அவசரப்படுத்த முடியாது என்றார். அது சரியென்று அவளுக்கே தெரியும்.

அம்மாவிடம் விளக்குக் கம்பி பாக்கி என்று சொல்லிவைத்தார்கள்.

காலையும் மாலையும் எண்களைக் குறித்து, மகள் ஒரு கட்டத்தாளில் புள்ளி வைத்து வந்தாள். பழக்கதோஷம். தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று ஒன்று. கோடு போட்டு நீட்டினால் எந்தத் தேதியில் எதைத் தொடும் என்று பார்த்த உடனே தெரிந்தது. பேரிங் என்றால் அந்தத் தேதிக்கு முன்னால் இயந்திரத்தை நிறுத்தி மாற்றச் சொல்லி எழுதுவாள். தாளை மடித்து டிராயரில் வைத்தாள்.

மறுநாள் ஒரு வாடகைக் காரை வாசலுக்கே வரவழைத்தாள். சிலிண்டர் இரண்டு, போர்வை, பிளாஸ்க் எல்லாம் ஏற்றியாயிற்று. இன்றைக்கே போய்விடலாம் அம்மா, ஜீப்பில் இன்னொரு தடவை போகலாம் என்று கெஞ்சினாள். அப்பாவும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“கார்ல போறதுன்னா என்னைக்கோ போயிருப்பேனே பாப்பா. ஒன்பது வாசல்ல நிக்குது. அது பார்க்க நான் வேற வண்டியில ஏறவா?”

இன்னொரு தடவை என்பது இருக்காது என்று மகள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கின் நுனிவரை வந்தது. பச்சைப் புள்ளி பற்றிய பொய்யைச் சொன்னவளால் இந்த உண்மையை மட்டும் எப்படிச் சொல்ல முடியும்? மென்று விழுங்கினாள். கார் திரும்பிப் போயிற்று. பிளாஸ்க்கில் இருந்த டீயை வாசலிலேயே மூவரும் குடித்தார்கள்.

அடுத்த வாரம் எண்பத்தெட்டு. பிறகு ஏறவே இல்லை.

எண்பத்தைந்தான ஒரு காலையில், வண்டியில் உட்கார வேண்டும் என்றாள் அம்மா. மகளும் ஃபிட்டரும் கையைக் கோத்துத் தூக்கி முன்னிருக்கையில் வைத்தார்கள். அவளைத் தூக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்படவில்லை. ஃபிட்டர் ஸ்டியரிங்குக்குப் போனார். எஞ்சின் பிடித்தது. முதல் கியரில், நடக்கிற வேகத்தில், ஒன்பது நகர்ந்தது. மகள் குழாயைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். அப்பா ஓடிப்போய் வெளிக்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவைத்தார். எதற்கென்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. வண்டியின் மூக்கு தெருவை எட்டியது. குழாய் விறைத்தது. மகள் கையைத் தூக்கினாள். நின்றது.

அம்மா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“ரெண்டாவது போடு தம்பி.”

“இடம் பத்தாதுக்கா.”

“நகர வேண்டாம். போட்டு மட்டும் காட்டு.”

ஃபிட்டர் கிளட்சை மிதித்துக் கம்பியைத் தள்ளினார். கரகரவென்று இரும்பு இரும்பைத் தின்றது. கையை எடுத்துவிட்டார்.

அம்மா முன்னால் பார்த்தபடியே பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சுக்காக நிறுத்தினாள்.

“அந்தப் பச்சைப் புள்ளி என்னோடது இல்ல பாப்பா. நான் பென்சில் பின்னால இருக்கிற ரப்பரால வெப்பேன். வட்டமா விழும். அது பிரஷ்ல இழுத்தது.”

மகள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி. நான் குடுத்த கியர்பாக்ஸ் எதுல ஏறுச்சு?”

“நாலாம் நம்பர்லக்கா.”

“ஆக்ஸில்?”

“ஏழுல.”

“கிளட்ச் பிளேட்?”

“அதுவும் நாலுதான்.”

“இது?”

“இது ஆறு வருஷமா மரத்தடியிலதான் நின்னுச்சு. உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. உங்க ஜன்னல் அந்தப் பக்கம் பார்க்காது.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா குடுத்திருப்பீங்களாக்கா?”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா யோசித்தாள். பொய் சொல்வதற்கு யோசிக்கிற யோசனை அல்ல. ரேக்கில் சாமான் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்கிற யோசனை.

“குடுத்திருக்க மாட்டேன்,” என்றாள்.

ஃபிட்டர் ரிவர்ஸ் போட்டார். அது சத்தமில்லாமல் விழுந்தது.

அன்று பிற்பகல் அவள் தாளும் பென்சிலும் கேட்டாள். கோடு போடச் சொன்னாள். தேதி, சீட்டு எண், பாகம், எழுதிய வண்டி, ஏறிய வண்டி. முதல் நான்கும் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாவதை ஃபிட்டர் சொல்லச் சொல்ல எழுதினாள். கியர்பாக்ஸ், ஒன்பது, நாலு. ஆக்ஸில், ஒன்பது, ஏழு. அவருக்கு ஞாபகம் இல்லாதபோது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். ஊகித்துச் சொல்ல அவரை விடவில்லை. பட்டறை மூடியாயிற்று, பதிவேடெல்லாம் எடைக்குப் போயாயிற்று, இதை யாரிடம் கொடுப்பாய் என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“யாருக்கும் குடுக்க இல்ல. சரியா இருக்கணும்.”

மூன்று நாள் எழுதினாள். முதல் நாள் எழுத்து அச்சு மாதிரி. இரண்டாம் நாள் வரி சரிந்தது. மூன்றாம் நாள் பத்தொன்பதாவது வரியில் தேதியும் சீட்டு எண்ணும் மட்டும் இருக்கின்றன. கையெழுத்துக்கு என்று கீழே விடச் சொன்ன இடம் காலியாக இருக்கிறது. மகள் அவள் விரலில் கருவியை மாட்டி எண்ணைப் பார்த்தாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். விடிந்து வெயில் ஏறி, அப்பா சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா போய்விட்டாள். முன்னறை இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று நெடுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

பல்சக்கரம், செய்பவர் சொன்ன ஆறு வாரக் கெடுவுக்குச் சரியாக, அம்மா போய்ப் பதினாறு நாள் கழித்து வந்தது. மகள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மேசைமேல் பெட்டியை வைத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், கீழே வைத்தாள். வாசலுக்குப் போய், ஃபிட்டர் கழற்றி வைத்திருந்த, ஐந்து பல் போன பழைய சக்கரத்தைத் துணியில் துடைத்துக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். உட்கார்ந்தாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

உள்ளறையில் அலமாரி முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையில் பல்துலக்கி. பாதி மயிர் இல்லை, மீதி இரண்டு பக்கமும் படுத்துவிட்டது. புதியவை அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தன. கதவு பூட்டியிருக்கவில்லை.

“எடுத்துக்க வேண்டியதுதானேப்பா.”

“இதை யார்கிட்ட குடுக்கறது?” என்றார்.

மகள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். பழையதை வாங்கிக்கொண்டு புதியதை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். மேசையைப் பார்த்தார். பிரிக்காத பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, அவரும் அவளைப் போலவே கையை நீட்டினார்.

அவள் பழைய சக்கரத்தை அவர் கையில் வைத்தாள். அது அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆறாம் ரேக்கா, எட்டாம் ரேக்கா, எந்தத் தட்டு, எந்தக் கோடி என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டில், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடு அறையில் நின்றார்.